போதகர் அல்லாத நான் ஒரு வாலிபனுக்கு எப்படித் துணையாக இருப்பது?

ஸ்பேர்ஸ்கடை_திருநகர்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் திடப்படுத்தல் (வளர்ந்த பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைச் சபை முன்னால் உறுதி செய்யும் சடங்கு) எடுத்த பிள்ளைகள் காலேஜ் சேர்ந்ததும் காணாமல் போகிறார்கள். அந்த ஞாயிறன்று வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்றவர்களில் பாதிப் பேரை மறு வருஷம் கிறிஸ்துமஸ் ஆராதனையில்தான் பார்க்கிறோம். அதனால் இந்த வருஷம் கமிட்டியில் ஒரு முடிவு எடுத்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் சபையில் ஒரு குடும்பம் துணை. மாதம் இரண்டு தடவையாவது அந்தப் பிள்ளையைப் பார்த்துப் பேச வேண்டும். மற்றபடி இப்படிச் செய், அப்படிச் செய் என்று ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குக் கிடைத்த பையனுக்கு 17 வயது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முதல் வருஷம். அப்பா இல்லை. அம்மா ஒரு ஜவுளிக் கடையில் நிற்கிறார், வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிவிடும்.

முதல் சந்திப்புக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து நாலு பக்கம் குறிப்பு எழுதினேன். நீதிமொழிகளிலிருந்து பன்னிரண்டு வசனம். பையன் வந்து சோபா ஓரத்தில் உட்கார்ந்தான். நான் பேசப் பேச 'சரிங்க அங்கிள், சரிங்க அங்கிள்' என்றான். நாற்பது நிமிஷம் இப்படியே போனது. என் மனைவி வைத்த கேசரியைக்கூட ஸ்பூனால் ஒரு ஓரம் தொட்டுவிட்டு வைத்துவிட்டான். கேட்டைத் தாண்டிப் போகும்போதுதான் அவன் தோள் இறங்கியதைப் பார்த்தேன். அவ்வளவு நேரமும் விறைத்துப்போய் இருந்திருக்கிறான்.

நான் படித்தது ஐ.டி.ஐ., வைத்திருப்பது வண்டி ஸ்பேர்ஸ் கடை. தினமும் வேதம் வாசிக்கிறேன், ஆனால் யாராவது கேள்வி கேட்டால் விளக்கிச் சொல்லும் அளவுக்குப் படிப்பு இல்லை. எனக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். ஆண் பிள்ளை வளர்த்துப் பழக்கமில்லை. இந்தப் பையனை விட்டுவிட மனசு வரவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


நர்சம்மா_அண்ணாநகர்

தம்பி, அந்த நாலு பக்கத்தையும் மடித்து வேதத்துக்குள் வைத்துவிடுங்கள். என்றைக்காவது உதவும், இப்போது வேண்டாம்.

அப்போஸ்தலர் 18-ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் கூடாரம் செய்து பிழைத்தவர்கள். அப்பொல்லோ பேச்சில் வல்லவன், வேதத்தைக் கரைத்துக் குடித்தவன். ஆனாலும் அவனுக்குத் தெரிந்தது யோவானின் ஞானஸ்நானம் வரைக்கும்தான். எபேசுவில் அவன் பேசியதைக் கேட்ட இந்தப் புருஷனும் மனைவியும் ஜெப ஆலயத்தில் எழுந்து நின்று அவனைத் திருத்தவில்லை. தங்களோடு சேர்த்துக்கொண்டு விளக்கினார்கள். கூடாரம் செய்கிறவர்கள் ஒரு பிரசங்கியாருக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், உங்கள் ஐ.டி.ஐ. போதும்.

நான் முப்பத்து நாலு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள். என்னிடம் ஒரு பெண் வந்தாள். ராமநாதபுரம் பக்கத்துக் கிராமம், நர்சிங் இரண்டாம் வருஷம், ஹாஸ்டல். நாலு மாதம் எங்களுக்குள் நடந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு மட்டும்தான். வருவாள், சாப்பிடுவாள், தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள். நான் என்னத்தைச் செய்கிறேன் என்று எனக்கே வருத்தமாக இருக்கும்.

ஒரு ஞாயிறு நல்ல மழை. ஹாலில் தினத்தாளை விரித்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். கீரை உருவும்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டியதில்லை, கண் காம்பில்தான் இருக்கும். பாதிக் கட்டு முடிந்திருக்கும். 'நான் ஜெபம் பண்ணேம்மா, அந்தப் பாட்டி செத்துப்போச்சு' என்றாள். கை நிற்கவில்லை. காம்பும் இலையுமாகச் சேர்த்து உருவிப் போட்டுக்கொண்டே இருந்தாள். வார்டில் அவள் பார்த்த முதல் சாவு. மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல் நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள்.

கர்த்தர் ஏன் அந்தப் பாட்டியைக் குணமாக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். அப்புறம் நான் பார்த்த முதல் சாவைச் சொன்னேன். ராத்திரி டியூட்டியில் லினன் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது, மறுநாள் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது எல்லாம். என் வீட்டுக்காரருக்குக்கூட அது தெரியாது. அன்றைக்குத்தான் நானும் அவளும் முதல் தடவையாகச் சேர்ந்து ஜெபம் பண்ணினோம். இப்போது அவளே ஸ்டாஃப் நர்ஸ்.

பையனைக் கடைக்குக் கூப்பிடுங்கள். கைக்கு வேலை கொடுங்கள். பேச்சு அதுவாக வரும்.


வைகை_வடகரை

நர்சம்மா சொன்னதற்கு ஆமென். எனக்கு 23 வயது. பையன்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

பிளஸ் டூ படிக்கும்போது என் அப்பா குடிப்பதைப் பற்றிச் சபையில் ஒரு பெரியவரிடம் சொன்னேன். தோளில் கை போட்டு நன்றாகத்தான் கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அது ஜெபக் குறிப்பாக வந்தது. பெயர் சொல்லவில்லை. 'நம்ம தெருப் பக்கம் ஒரு குடும்பம், தகப்பன் குடிக்கிறார், மகன் பிளஸ் டூ' என்றார். அந்தக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் என் அம்மா உட்கார்ந்திருந்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டே வீடு வரைக்கும் நடந்தார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு வருஷம் நான் சபைப் படி ஏறவில்லை.

திரும்ப வந்தது மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த ஒரு ஐயாவால். சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் டென்னிஸ் பால் மேட்ச் ஆடும் இடத்துக்கு எக்ஸெல் வண்டியில் வருவார். ஓரமாக நின்று பார்ப்பார். முடிந்ததும் 'ஏறுப்பா' என்பார், டீ வாங்கிக் கொடுத்து வீட்டு முனையில் இறக்கிவிடுவார். ஏன் சபைக்கு வரவில்லை என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எட்டு மாதம் கழித்து நானே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: 'இதை நான் யார்கிட்டயாவது சொல்லணுமா, வேண்டாமா?'

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. கடைக்கார அண்ணே, நீங்கள் வசனம் சொல்லத் தெரியாதவராக இருந்தால் எங்களுக்குப் பரவாயில்லை. நாங்கள் சொன்னது உங்களிடமே இருந்தால் போதும்.


பழைய_பாடகர்குழு

எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை, சொல்லிவிடுகிறேன். ஆத்துமாக்களை நடத்துவது அபிஷேகம் பெற்ற ஊழியரின் பொறுப்பு. அதற்கென்று இறையியல் கல்லூரியில் வருஷக்கணக்காகப் படித்து, குருப்பட்டம் பெற்று வருகிறார்கள். ஆளாளுக்கு ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டால் உபதேசம் என்னவாகும்?

இன்னொன்றையும் கண்ணால் கண்டிருக்கிறேன். 'ஆவிக்குரிய தகப்பன்' என்று ஒருவர் கிளம்புவார். பத்துப் பையன்கள் பின்னால் போவார்கள். எந்த வேலைக்குப் போவது, யாரைக் கல்யாணம் பண்ணுவது, சம்பளத்தில் எவ்வளவு கொடுப்பது, எல்லாம் அவர் சொன்னபடிதான். பெற்றோர் கேட்டால் அவிசுவாசிகள் என்பார். எங்கள் உறவிலேயே ஒரு பையன் அரசு வேலைக்கு வந்த ஆர்டரை அப்படி ஒருவர் பேச்சைக் கேட்டு விட்டுவிட்டான். இன்று அவன் வேதத்தைத் தொடுவதே இல்லை.


உசிலம்பட்டி_வாத்தியார்

ஐயா சொல்லும் இரண்டாவது விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. ஒரு பையனின் முடிவை நான் எடுக்க ஆரம்பித்தால் அந்த நிமிஷமே நான் அவனுக்குத் துணை என்ற இடத்திலிருந்து இறங்கிவிட்டேன். என்னிடம் 'என்ன பண்ணட்டும் சார்' என்று கேட்டால், 'நீ என்ன நினைக்கிறே, உங்க வீட்ல என்ன சொல்றாங்க' என்று இரண்டு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன். 'கர்த்தர் எனக்குச் சொன்னார்' என்ற வார்த்தையைப் பிள்ளைகள் விஷயத்தில் என் வாயில் வர விடுவதில்லை.

முதல் விஷயத்தில் மாறுபடுகிறேன். எபேசியர் 4-ல் மேய்ப்பரையும் போதகரையும் எதற்காகத் தந்தார் என்று பவுல் எழுதியிருக்கிறார்: பரிசுத்தவான்களை ஊழியத்துக்குத் தயார் பண்ண. அந்தப் பரிசுத்தவான்கள் நாம்தான். நடைமுறையையும் பாருங்கள், எங்கள் ஆயருக்குக் கிராமச் சபைகள் ஏழு. ஞாயிறு ஒன்றுதான். நம் ஊர்ச் சரித்திரமும் அப்படித்தான். அமெரிக்கன் மதுரை மிஷன் 1834-ல் இங்கே வேலை ஆரம்பித்த பிறகு, வீட்டை விட்டு வெளியே வர முடியாத பெண்களுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக் கொடுத்தவர்கள் 'பைபிள் உமன்' என்று பெயர் பெற்ற நம் பெண்கள். அவர்கள் குருப்பட்டம் பெற்றவர்கள் அல்ல.

அதே மிஷன் 1847-ல் ஒரு கடினமான தீர்மானம் போட்டது. சாதியை விடாதவர்களுக்குச் சபை ஐக்கியத்தில் இடம் இல்லை. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா என்பதுதான் சோதனை. அதனால் ஊழியக்காரர்கள் பலர் விலகிப் போனார்கள். இதை ஏன் இங்கே இழுக்கிறேன் என்றால், துணைக் குடும்பம் என்று பட்டியல் போடும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். காலனித் தெருப் பிள்ளைக்குக் காலனித் தெருக் குடும்பம், மேலத்தெருப் பிள்ளைக்கு மேலத்தெருக் குடும்பம். 'அவங்களுக்கும் அதுதான் வசதி' என்பார்கள். என் வீட்டுக்கு ஒரு பையன் வந்தான். மூன்று மாதம் திண்ணையோடு நின்றான். நான் 'உள்ளே வா' என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் என் மனைவி ஒன்றும் சொல்லாமல் என் தட்டையும் அவன் தட்டையும் அடுப்படித் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோற்றைப் போட்டுவிட்டாள். அவன் வாசலைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், வந்து உட்கார்ந்தான். நான் அவனுக்கு நடத்திய எந்த வேதபாடத்தையும்விட அந்த ரசஞ்சோறு பெரிது. கமிட்டிகளில் இருப்பவர்கள் தயவுசெய்து பட்டியலைக் கலந்து போடுங்கள்.

எங்கள் பக்கத்துப் பையன்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். மாதம் இரண்டு சந்திப்பு என்பது அங்கே நடக்காது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி துவைத்து முடிக்கிற நேரம் பார்த்து போன் பண்ணுவேன். பத்து நிமிஷம், என்ன சாப்பிட்டே, ரூமில் யார் யார், உடம்பு எப்படி. சில பேர் நாலு வாரம் எடுக்க மாட்டார்கள். ஐந்தாவது வாரமும் போடுவேன்.


கீழவெளிவீதி_ஞானத்தாய்

நாங்கள் கத்தோலிக்கர். உங்கள் பேச்சைப் படித்ததும் எங்களிடம் இருப்பதை நாங்களே மறந்துபோனது உறைத்தது. ஞானஸ்நானத்துக்கு ஞானப்பெற்றோர் வைக்கிறோம். 16 வயது முடிந்திருக்க வேண்டும், உறுதிப்பூசுதல் (நீங்கள் திடப்படுத்தல் என்பது) பெற்றிருக்க வேண்டும், பிள்ளையின் சொந்த அப்பா அம்மாவாக இருக்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். அந்தக் கடைசி நிபந்தனையை யோசித்துப் பாருங்கள். பெற்றவர்களைத் தவிர இன்னொரு பெரியவர் இந்தப் பிள்ளைக்கு வேண்டும் என்று திருச்சபையே கேட்கிறது.

நம் வீடுகளில் அது வெள்ளிக் கொலுசும் அரைப்பவுன் மோதிரமும் போடுகிறவர் என்று ஆகிவிட்டது. எனக்கு மூன்று ஞானப்பிள்ளைகள். மூத்தவளுக்கு இப்போது 15 வயது. நேற்றைக்குத்தான் அவள் அம்மாவிடம் கேட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு டவுன்ஹால் ரோட்டில் செருப்பு வாங்கப் போனேன். செருப்புதான் வாங்கினோம். ஆனால் வழியெல்லாம் பேசினாள்.


நரிமேடு_வக்கீல்

எல்லாரும் நல்ல மனசோடு எழுதுகிறீர்கள். நான் குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்குகளைப் பார்க்கிறவள், அதனால் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பையனுக்கு 17 என்கிறீர்கள். 18 முடியாதவர்கள் எல்லாரும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012-இன்படி குழந்தைகள். ஆண் பிள்ளைகளும் சேர்த்துத்தான்.

அண்ணே, நீங்கள் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஏற்பாடு நல்லவரை நம்பி இருக்கக் கூடாது. நாளைக்கு இதே பட்டியலில் கெட்ட எண்ணத்தோடு ஒருவர் பெயர் கொடுத்தாலும் பிள்ளை பாதுகாப்பாக இருக்க வேண்டும். சந்திப்பு நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கட்டும். கடை நல்ல இடம். வீடு என்றால் மனைவி இருக்கும்போது, கதவு திறந்து. எங்கே, எத்தனை மணி வரை என்பது அவன் அம்மாவுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் தனியாகப் பேசுவது வேண்டாம். 'இதை வீட்ல சொல்லாதே' என்ற பேச்சு எந்தக் காரணத்துக்காகவும் வரக் கூடாது. பணம் உதவி என்றால் அம்மா கையில், அல்லது சபை வழியாக. எந்தச் சபையாவது இதையெல்லாம் அவநம்பிக்கை என்று நினைத்தால் அங்கே இந்த வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

வடகரைத் தம்பி சொன்னது என்னை உலுக்கிவிட்டது. ரகசியம் காக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு எல்லை உண்டு. 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று முதலிலேயே சத்தியம் பண்ணிவிடாதீர்கள். 'உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் சொல்லியாக வேண்டும், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்' என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒரு குழந்தையிடம் யாரோ தவறாக நடந்ததாகத் தெரிந்தால் காவல் துறைக்குத் தெரிவிப்பது சட்டப்படி கடமை. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. சபையின் பெயர் கெடும், பேசி முடித்துக்கொள்ளலாம் என்பதற்கு அங்கே இடமே இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098, எந்த நேரமும் அழைக்கலாம். சாகலாம் போல இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் அதை விசுவாசக் குறைவு என்று நினைக்காமல் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசுவார்கள். கூடவே இருந்து டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஜெபமும் பண்ணுங்கள்.


பழைய_பாடகர்குழு

வக்கீலம்மா எழுதியதை அச்செடுத்து எங்கள் கமிட்டிக்குக் கொண்டுபோகப் போகிறேன். இந்த ஒழுங்கு இருந்தால் என் பயத்தில் பாதி குறைகிறது. வாத்தியார் பந்தியைப் பற்றி எழுதியதையும் சேர்த்து வைக்கிறேன்.


ஸ்பேர்ஸ்கடை_திருநகர்

ஆறு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். எல்லாருடைய பதிலையும் நானும் மனைவியும் சேர்ந்து படித்தோம். முதல் வேலையாகப் பையனின் அம்மாவைப் போய்ப் பார்த்தோம். சனிக்கிழமை மத்தியானம் கடைக்கு வரட்டும், ஆறு மணிக்கு வீட்டில் இருப்பான் என்று பேசிக்கொண்டோம்.

முதல் இரண்டு வாரமும் அவன் பேசவில்லை. மூன்றாவது வாரம் ஸ்டாக் எடுத்தோம். நான் ஏணியில் நின்று ஒவ்வொரு பெட்டியாக எண்ணிச் சொல்ல, அவன் நோட்டில் எழுதினான். பேரிங், பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள். அந்த நேரம் இரண்டு தெரு தள்ளி ஒர்க் ஷாப் வைத்திருக்கும் ஒரு பையன் கேபிளைத் திருப்பிக் கொண்டுவந்தான். 'மாத்திக் கொடுத்துட்டீங்க' என்றான். எனக்கு வெயிலில் எரிச்சல். 'நீ வண்டியைப் பாத்து ஒழுங்கா கேட்டு வாங்கியிருக்கணும்' என்று கத்திவிட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் போய்விட்டான். பத்து நிமிஷம் கழித்து நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே நம் பையன் சொன்னான், 'அங்கிள், இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறது வேற கேபிளு. மேல இருக்கிற நம்பர் வேற.'

ஏணியிலிருந்து இறங்கிப் பார்த்தேன். தப்பு என்னுடையது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சரியான கேபிளை எடுத்துக்கொண்டு நடந்தே போனேன். அவனும் கூட வந்தான். ஒர்க் ஷாப்பில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அந்த மெக்கானிக் பையனுக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

திரும்பி வரும் வழியில் வேப்பமரத்து நிழலில் பையன் நின்றுவிட்டான். 'அங்கிள், எனக்குக் கணக்கில அரியர். அம்மாவுக்குத் தெரியாது. ரிசல்ட் வரலைன்னு சொல்லி வச்சிருக்கேன்' என்றான்.

'இதை நான் யார்கிட்டயாவது சொல்லணுமா, வேண்டாமா' என்று வடகரைத் தம்பியின் கேள்வியையே கேட்டேன். 'வேண்டாம்' என்றான். இது நடந்து நாலு நாள் ஆகிறது. ஒரு பக்கம் அவன் சொன்ன 'வேண்டாம்', மறுபக்கம் ராத்திரி ஒன்பதரைக்கு வீடு வருகிற அந்த அம்மா. என்ன செய்யட்டும்?


நர்சம்மா_அண்ணாநகர்

இது உயிர் போகிற ரகசியம் இல்லை தம்பி, நீங்கள் போய்ச் சொல்ல வேண்டாம். ஆனால் அவன் அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டே இருக்கவும் விடாதீர்கள். 'நீயே சொல்லு, நான் பக்கத்துல நிக்கிறேன்' என்று கேட்டுப் பாருங்கள். நாளையும் அவனே குறிக்கட்டும்.


வைகை_வடகரை

அண்ணே, அவன் சொல்லாமல் தள்ளிப்போட்டாலும் சனிக்கிழமையை நிறுத்திவிடாதீர்கள். மாற்கு, பவுலும் பர்னபாவும் போன ஊழியப் பயணத்தில் பாதி வழியில் விட்டுவிட்டுப் போனவன். அவனை இனிமேல் கூட்டிப் போகவே மாட்டேன் என்று பவுல் சொல்லிவிட்டார். அந்த விஷயத்தில் பர்னபா பவுலையே பிரிந்துபோய் மாற்குவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு கப்பலேறினார். பல வருஷம் கழித்துச் சிறையிலிருந்து எழுதும்போது, மாற்குவைக் கூட்டி வா, அவன் எனக்கு உதவியானவன் என்று அதே பவுல் கேட்கிறார். நடுவில் அந்த வருஷங்களில் பர்னபா அவனுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார் என்று வேதத்தில் ஒரு வரியும் இல்லை. கூட வைத்திருந்தார் என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். எனக்கு அந்த லைன்மேன் ஐயா அப்படித்தான்.


ஸ்பேர்ஸ்கடை_திருநகர்

புதன்கிழமை அவனே நாள் குறித்தான். அம்மாவுக்கு அன்றைக்கு வார விடுமுறை. நானும் மனைவியும் போயிருந்தோம். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் சொல்லி முடிக்கும் வரை அந்த அம்மா அடுப்பை அணைக்காமல் நின்றார். அழுதார், கோபப்பட்டார், அப்புறம் எங்களுக்கும் சேர்த்துத் தோசை ஊற்றினார்.

இப்போது ஒரு உதவி. பாலிடெக்னிக் முதல் வருஷக் கணக்கு சொல்லிக் கொடுக்கத் திருநகர், பசுமலைப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? ட்யூஷன் பீஸ் பற்றிக் கவலை வேண்டாம், அதை அம்மாவோடு பேசி வைத்திருக்கிறேன்.


பழைய_பாடகர்குழு

நான் பசுமலையில்தான் இருக்கிறேன். இருபத்தெட்டு வருஷம் பாலிடெக்னிக்கில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன். பீஸ் வேண்டாம். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அனுப்புங்கள். முன் வராந்தாவில்தான் உட்காருவோம், என் மனைவியும் இருப்பார். முதல் நாள் அவன் அம்மாவையும் கூட்டி வரச் சொல்லுங்கள், வீட்டைப் பார்த்துவிட்டுப் போகட்டும். பழைய கேள்வித்தாள் இருந்தால் கொண்டுவரட்டும், இல்லையென்றால் என்னிடம் இருக்கிறது.